தணிகா சட்டையில் குத்திய வில்லை

மகனே,

உன் கடிதம் வந்தது. நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் மரியாதை என்று எனக்கும் தெரியும். ஆனால் நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்பதை உன் எழுத்தே சொல்கிறது. ஒரு வரிகூடக் கோணவில்லை. ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்த கையோடு கிள்ளானுக்கு அப்பால் மேருவில் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போனாய். அதற்குள் துரை உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், கணக்கெழுதும் கிராணி வீட்டிலிருந்து உனக்குச் சாப்பாடு வருகிறது என்று எழுதியிருக்கிறாய். நல்லது. யுத்தத்தில் படிப்பு கெட்டுப்போன பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்கப் பரிசோதகர் வரப்போகிறார் என்றும், பிள்ளைகள் தேறினால்தான் பள்ளிக்கூடம் நிலைக்கும், இல்லாவிட்டால் துரை அதை ரப்பர் ஷீட் காயவைக்கும் கொட்டகையாக்கிவிடுவார் என்றும் எழுதியிருக்கிறாய். அதையும் படித்தேன். அதற்குப் பிறகுதான் எழுதியிருக்கிறாய், மந்தமான நாலைந்து பிள்ளைகள் இருக்கிறார்கள், கவலைப்படாதே அம்மா, அன்றைக்கு மட்டும் அவர்களைப் பின்னால் மரவள்ளிக் காட்டில் களை பிடுங்கச் சொல்லிவிட்டேன், கெட்டிக்காரப் பிள்ளைகள் அவர்கள் பெயருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவார்கள் என்று.

அந்த இடத்தில் கடிதத்தை மடித்து அடுப்பு மேட்டில் வைத்துவிட்டேன். எரித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். என்னிடம் பெருமைப்பட்டுக்கொள்வதற்கு உனக்கு வேறு விஷயம் கிடைக்கவில்லையா? இந்தக் கோலாலம்பூர்ப் பிரிக்பீல்ட்ஸில், இந்தப் பின்னறையில், என்ன நடந்தது என்பது உனக்கு மறந்துவிட்டதா, அல்லது எனக்கு மறந்திருக்கும் என்று நினைத்தாயா? நான் நாலாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். இதை எழுதி முடிக்க எனக்கு எத்தனை நாளானாலும் ஆகட்டும், வேறு யாரிடமும் சொல்லி எழுதவைக்கப் போவதில்லை. நீ படித்த பிறகு இதை உன் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டினாலும் எனக்கு வெட்கமில்லை. பெற்றவர்கள் நாலு பேர் படிக்கட்டும்.

உன் தம்பியைப் பற்றி உனக்கே நான் சொல்ல வேண்டியிருக்கிறது. தணிகாவுக்குப் படிப்பு ஏறவில்லை. நீ பேச ஆரம்பித்த வயதில் அவன் பேசவில்லை. நீ அ, ஆ எழுதிய வயதில் அவன் பலகையை நக்கிக்கொண்டிருந்தான். உன் அப்பா உயிரோடு இருந்தபோது ரயில்வேயிலிருந்து வந்து, கை கழுவிவிட்டு, அவனை மடியில் வைத்து ஒரே எழுத்தை வாரக்கணக்கில் எழுதவைப்பார். அவன் எழுதுவான். அடுத்த எழுத்துக்குப் போனால் முதல் எழுத்து போய்விடும். ஊரில் ஆறுதல் சொல்கிறவர்கள் சொல்வார்கள், படிப்பு வராவிட்டால் என்ன, கைத்தொழிலில் கெட்டியாக இருப்பான், கணக்கில் புலியாக இருப்பான் என்று. அதெல்லாம் ஒன்றும் இல்லை. அவனுக்கு ரகசியமாக ஒரு திறமையும் கிடையாது. கடைக்கு அனுப்பினால் உப்புக்குப் பதில் சீனி வாங்கி வருவான். அவன் ஒரு மந்தமான பிள்ளை. மந்தமான பிள்ளைக்கு மெதுவாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அப்பா அதைச் செய்தார். அப்பா போனபிறகு அந்த வேலையைச் செய்ய வேண்டியவன் நீ, ஏனென்றால் நீதான் படித்தவன். நான் தெருமுனையில் மரவள்ளி அவித்து விற்கப் போய்விட்டேன்.

யுத்தம் வந்தது, பள்ளிக்கூடம் மூடியது, பிறகு ஜப்பான்காரன் திறந்தான். உனக்குப் பதினேழு, அவனுக்குப் பதினைந்து. நீ ஏழாம் வகுப்பு முடித்துவிட்டு, பெரிய வாத்தியாருக்குக் கைத்துணையாகச் சின்ன வகுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவன் தன் உயரத்தில் பாதி இருக்கிற பிள்ளைகளோடு கடைசி வரிசையில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். காலையில் கொடி வணக்கம், தேகப்பயிற்சி, அப்புறம் நிப்பொங்கோ என்கிற ஜப்பான் பாஷை. வாத்தியார்களே அன்றன்றைக்கு அவர்களுடைய பாஷையைப் படித்து வந்து அன்றன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பெரிய வாத்தியார் பாவம், ஐம்பது வயதில் பலகையும் குச்சியும் வைத்துக்கொண்டு உன்னிடம் சந்தேகம் கேட்பார். அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் பெரிய வாத்தியாரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். பரிசோதகர் வருவார், பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்பார். எல்லோரும் பதில் சொன்னால் வாத்தியார்களுக்கு அரிசிப் பங்கு தொடரும், தேறிய பிள்ளைகளுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள வில்லை கொடுப்பார்கள். பதில் வராவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிச் சாமான் கிடங்காக்கிவிடுவார்கள், வாத்தியார்களுக்கு வேறு வேலை கொடுப்பார்கள். வேறு வேலை என்றால் சயாம் ரயில் பாதை என்று அப்போது எல்லோருக்கும் தெரியும். அந்த மனுஷருக்கும் வயிறு இருந்தது, வீடு நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர் பயந்ததை நான் குறை சொல்லவில்லை. பயத்தில் யாரை முன்னால் தள்ளினார் என்பதைத்தான் சொல்கிறேன்.

முதலில் நீ நல்லபடியாகத்தான் ஆரம்பித்தாய். அதை மறைக்க மாட்டேன். ஒரு மாதம் சாயங்காலமெல்லாம் பின்வாசலில் அவனை உட்காரவைத்து ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லவைத்தாய். “வத்தாஷி வா தணிகாசலம் தெசு.” நான் தணிகாசலம். அதைச் சொல்ல அவன் பட்ட பாட்டை மரவள்ளித் தோல் சீவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். வத்தாஷி வரும், தெசு வராது. தெசு வந்தால் தன் பெயரையே விட்டுவிடுவான். ஒரு நாள் முழுசாக வந்துவிட்டது. எழுந்து நின்று, கையை ஒட்டி வைத்துக்கொண்டு, இடுப்பை வளைத்துக் கும்பிட்டுச் சொன்னான். எனக்கு ஒரு தடவை, பக்கத்து வீட்டுக்கு ஒரு தடவை, கோழிக்கு ஒரு தடவை. அன்றைக்கு நீயும்தான் அவனைத் தூக்கிச் சுற்றினாய். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் இரண்டாவது வாக்கியம் வந்திருக்கும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பரிசோதகர் இரண்டாவது வாக்கியத்துக்காகக் காத்திருக்கவில்லை.

அவர் வருகிற அன்று காலையில், தேறமாட்டார்கள் என்று நினைத்த பிள்ளைகளை எல்லாம் பெரிய வாத்தியார் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மரவள்ளிப் பாத்திக்கு அனுப்பிவிட்டார். சட்டையில் மண் ஒட்டும், கழற்றி வைத்துவிட்டுப் போங்கள் என்றார். அந்தக் காலத்தில் சட்டை என்ன மலிவா? தணிகாவின் சட்டை மாவுச் சாக்கில் நான் தைத்தது. கழற்றி மடித்து உன் கையில் கொடுத்துவிட்டுப் போனானாம். அதை நீ போட்டுக்கொண்டாய். நீ வயதுக்குக் குள்ளம், அவன் வயதுக்கு நெட்டை, சட்டை உனக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும். அவன் இடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாய். பரிசோதகர் அவன் பெயரைப் படித்தபோது எழுந்து நின்றாய். கும்பிட்டாய். “வத்தாஷி வா தணிகாசலம் தெசு” என்றாய். அதன் பிறகு அவர் கேட்டதற்கெல்லாம் தங்குதடையில்லாமல் பதில் சொன்னாய். அவருக்கு ஒரே சந்தோஷம். தன் கையாலேயே அந்தத் தகர வில்லையை உன் நெஞ்சில் குத்திவிட்டார். மற்றப் பிள்ளைகளின் இடத்திலும் இப்படித்தான் ஆள் மாறி உட்கார்ந்திருந்தார்கள். பள்ளிக்கூடமே முழுசாகத் தேறிவிட்டது.

சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து, அவன் கொல்லைப்பக்கம் கால் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், என்னிடம் மெதுவாகச் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அவன் உள்ளே வந்து கயிற்றில் கிடந்த தன் சட்டையைப் பார்த்தான். வில்லை மின்னியது. இது எப்படி என்று கேட்டான். அவனுக்கு உண்மையைச் சொல்ல அது ஒரு நல்ல நேரம். நீ என்ன சொன்னாய்? நீ மனப்பாடம் பண்ணியிருப்பதாக நான் பரிசோதகரிடம் சொன்னேன், அவர் உன் பலகையைப் பார்த்துவிட்டு உன்னைப் பாஸ் பண்ணிவிட்டார் என்றாய். அவன் நம்பினான். நீ சொல்லி அவன் எதை நம்பாமல் இருந்திருக்கிறான்? அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லிக் காட்டினான். உனக்குக் கிடைத்த பங்கு அரிசியில் அன்றைக்குச் சோறு வடித்தேன். மரவள்ளி கலக்காத சோறு. அவன் வில்லையைக் குத்திக்கொண்டே சாப்பிட்டான். பாவம், சந்தோஷமாக இருக்கட்டும் என்று நாம் இரண்டு பேரும் கண்ணால் பேசிக்கொண்டோம்.

மறுநாளிலிருந்து அவனுக்குப் பாடம் நின்றது. இதை நீ கவனித்தாயோ இல்லையோ, நான் கவனித்தேன். தேறியவனுக்கு எதற்குப் பாடம்? பள்ளிக்கூடம் விட்ட பிறகு மந்தமான பிள்ளைகளுக்கென்று ஒரு மணி நேரம் நடத்திக்கொண்டிருந்ததைப் பெரிய வாத்தியார் நிறுத்திவிட்டார். வில்லை வைத்திருக்கிற பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதை யாராவது பார்த்தால் என்ன ஆவது? நீயும் பின்வாசலில் உட்காருவதை விட்டுவிட்டாய். அவன் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து உன் எதிரில் நிற்பான். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, போடா, என்பாய். கேலியாகச் சொல்வதாக நீ நினைத்தாய். அவன் அதை மெச்சுவதாக நினைத்துச் சிரித்துக்கொண்டே போவான். தெரியாதவனுக்குத் தெரியும் என்று வில்லை குத்தி, அதற்குப் பிறகு அவனுக்கு எதையும் சொல்லிக்கொடுக்க முடியாதபடி நாம் ஆக்கிவிட்டோம்.

வில்லையால் நன்மையும் இருந்தது, ஏன் இல்லை என்று சொல்ல வேண்டும்? தெருவில் காவல் நிற்கும் சிப்பாய் அதைப் பார்த்தால் முறைக்காமல் விடுவான். அதனால் நானே அவனை அது இல்லாமல் வெளியில் அனுப்பவில்லை. அப்படித்தான் ஒரு நாள் பாசார்க் கடைத்தெருப் பக்கம் போனவனை, சயாமுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த கிராணி பார்த்துவிட்டான். தமிழன்தான், வெற்றிலை போட்ட வாய். ரயில் பாதை போட ஆட்கள் போகிறார்கள், ஒவ்வொரு கூட்டத்துக்கும் பாஷை தெரிந்த பையன் ஒருவன் வேண்டும், மண் வெட்ட வேண்டாம், சிப்பாய் சொல்வதை ஆட்களுக்குச் சொன்னால் போதும், நல்ல சோறு கிடைக்கும் என்றானாம். தணிகா வீட்டுக்கு ஓடி வந்து வேலை கிடைத்துவிட்டது என்று என் கையைப் பிடித்துக் குதித்தான். அவன் பிறந்ததிலிருந்து அவனைத் தேடி யாரும் வேலை கொடுக்க வந்ததில்லை.

நான் ஈரக் கையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். பெரிய வாத்தியார் நாற்காலியில் இருந்தார். நீ பக்கத்தில் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தாய். கிராணியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அந்தப் பையனுக்கு ஒன்றும் தெரியாது, வில்லை தவறிப்போய்க் கொடுத்தது என்று மட்டும் சொல்லுங்கள் என்று அவர் காலில் விழுந்தேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“மெதுவா பேசும்மா,” என்றார். “அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நான் சொன்னா, அப்ப மத்த பிள்ளைங்களுக்கும் தெரியாதுலான்னு கேப்பான். நாளைக்கே மூடிருவான். என் தலையும் போயிரும், ஒன் பெரியவன் தலையும் சேந்து போயிரும்.”

நான் உன்னைப் பார்த்தேன். அவரை நான் நம்பி வரவில்லை, உன்னை நம்பித்தான் வந்தேன். நீ கையில் இருந்த பலகையைத் துடைத்தாய். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, வெறும் பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தாய். பிறகு சொன்னாய்.

“போயிட்டு வரட்டும்மா. அவனுங்களோட இருந்தா தானா வந்துரும். போகப் போகப் பழகிக்குவான்.”

மகனே, நீ பயந்துவிட்டாய் என்று சொல்லியிருந்தால் இவ்வளவு நாள் நெஞ்சில் வைத்திருக்க மாட்டேன். பதினேழு வயதுப் பிள்ளை, பயப்படாமல் என்ன செய்யும். நீ பயத்தைச் சொல்லவில்லை. பாடத்தைச் சொன்னாய். வீட்டில் உட்கார்ந்து ஒரு மாதத்தில் ஒரு வாக்கியம் படித்தவன் சயாம் காட்டில் போய்த் தானாகப் படித்துக்கொள்வான் என்றாய். நீ வாத்தியாராக வருவாய் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோயிற்று.

லோரி ஏறும்போது அவன் அழவில்லை. மாவுச் சாக்குச் சட்டையைத் துவைத்து, வில்லையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் குத்திக்கொண்டிருந்தான். ஏறுகிற ஆட்களில் பாதிப் பேர் அவனைப் பார்த்து, தம்பி பாத்துக்கப்பா, எங்களுக்கும் ரெண்டு வார்த்தை சொல்லிவிடு என்று கேட்டார்கள். அவன் பெரிய மனுஷன்போலத் தலையாட்டினான். நீ ஓரமாக நின்றுகொண்டு கையசைத்தாய். எனக்கு லோரிக்குப் பின்னால் ஓடக்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷமாகப் போகிறவன் பின்னால் என்ன சொல்லிக்கொண்டு ஓடுவது?

அதன் பிறகு யுத்தம் முடிகிறவரைக்கும் ஒரு தகவலும் இல்லை. நீ மேருவுக்குப் போனபிறகு அவன் வந்து சேர்ந்தான். உனக்குச் சொல்லி அனுப்பினேன், வந்தாய். பால் டின் ஒன்று கொண்டுவந்தாய். அவன் காலில் இருக்கிற புண்ணைப் பார்த்தாய், முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அவன் உன்னைப் பார்த்து எழுந்து நிற்கப் பார்த்தான், நீ உட்காரு, உட்காரு என்றாய். கிள்ளானுக்குக் கடைசி பஸ் போய்விடும் என்று வெயில் தாழ்வதற்குள் கிளம்பிவிட்டாய். அவனிடம் நீ பேசியது ஒரு பிடி வார்த்தை இருக்காது. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் எனக்கே அப்போது முழுசாகத் தெரியாது.

தெரிந்தது அப்புறம்தான். கிள்ளானிலிருந்து மாரிமுத்து என்று ஒருவர் அவனைப் பார்க்க வந்தார். அதே கூட்டத்தில் இருந்தவர். எலும்பும் தோலுமாக இருந்தார். தணிகா தூங்கிக்கொண்டிருந்தான், அவனை எழுப்ப வேண்டாம் என்று வாசலிலேயே உட்கார்ந்து என்னிடம் சொன்னார். போன புதிதில் ஆட்களில் ஒருவருக்குக் காய்ச்சல், வேலைக்குப் போக முடியவில்லை. சிப்பாயிடம் சொல்லு தம்பி என்று இவனை முன்னால் விட்டிருக்கிறார்கள். இவன் போய் நின்று, கையை ஒட்டி வைத்து, கும்பிட்டு, “வத்தாஷி வா தணிகாசலம் தெசு” என்றான். சிப்பாய்க்கு ஒரே சிரிப்பு. முதுகில் தட்டினான். என்னவோ கேட்டான். இவன் திரும்பவும் அதையே சொன்னான். மூன்றாவது தடவை சொன்னபோது அடி விழுந்தது. காய்ச்சல்காரரும் வேலைக்குப் போனார், போய்த் திரும்பவில்லை.

அதோடு விடவில்லையாம். வில்லை சட்டையில் இருந்ததால், தெரிந்துகொண்டே சொல்லமாட்டேன் என்கிறான் என்றுதான் சிப்பாய்கள் நினைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவார்கள், ஒவ்வொரு தடவையும் இவன் தன் பெயரைச் சொல்வான், ஒவ்வொரு தடவையும் அடி. நம் ஆட்களும் அவனை விட்டுவைக்கவில்லை. “நாங்களும் அப்பிடித்தான் நெனச்சோம், அக்கா,” என்று மாரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். “வில்லை வச்சிருக்கான், அவனுங்க பக்கம் சாஞ்சிட்டான், நமக்குன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறான்னு நெனச்சோம். யாரும் பக்கத்துல படுக்க விடல. கஞ்சிகூட அவனுக்குக் கடைசியிலதான்.” காலரா வந்த சமயத்தில், வெந்நீர் போடவாவது விறகு கேளு என்று அவனைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். அப்போதும் அதையேதான் சொன்னான். அழுதுகொண்டே சொன்னானாம்.

அவன் சொன்னது பொய்யில்லை, பார். அந்த வாக்கியத்தை நீ சொன்னபோது பொய், வில்லை கிடைத்தது. அவன் சொன்னபோது நிஜம், அடி கிடைத்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

மாரிமுத்து போனபிறகு தணிகா எழுந்தான். கஞ்சி கொடுத்தேன். குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். பிறகு என்னிடம் ஒன்று கேட்டான். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

“அம்மா, நான் பாஸ் பண்ணேன்தானே? அண்ணன் சொல்லுச்சே. அப்பறம் எப்பிடிம்மா எனக்கு எல்லாம் மறந்து போச்சு?”

சயாமில் இருந்த காலமெல்லாம் அவன் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். தனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறான். தெரிந்ததைத் தான் தொலைத்துவிட்டதாக நினைத்திருக்கிறான். அந்தக் காய்ச்சல்காரர் செத்தது, காலராவில் ஆட்கள் போனது, எல்லாம் தன் மறதியால் என்று மனதில் ஏற்றி வைத்திருக்கிறான். படிக்காமல் விட்டவனுக்குப் படிக்கவில்லையே என்ற வருத்தம்தான் இருக்கும். இவனுக்கு நாம் கொடுத்திருப்பது அதைவிடக் கேடு. நிஜம் வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். ஏன் என்று கேட்டால், அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. நான் சொன்னால் அம்மா ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைப்பான். அவனுக்கு உன் சொல்தான் வேதம்.

உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வருகிறேன். இப்போது சயாம் இல்லை, லோரி இல்லை, வெள்ளைக்காரன் யாருடைய தலையையும் எடுக்கமாட்டான், நீ பயப்படுவதுபோல இது அவ்வளவு பெரிய விஷயமில்லை அம்மா என்பாய். இருக்கலாம். ஆனால் களை பிடுங்கப் போன பிள்ளை சாயங்காலம் திரும்பி வந்து, தான் நாலாம் வகுப்புக்குத் தேறிவிட்டதாகக் கேள்விப்படும். ஒன்றாம் வகுப்புப் பாடமே தெரியாத பிள்ளை நாலாம் வகுப்பில் உட்காரும். அடுத்த வருஷம் வருகிற வாத்தியார், தேறியவன்தானே, ஏன் தெரியவில்லை என்று பிரம்பை எடுப்பார். அந்தப் பிள்ளையும் தனக்கு மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கையை நீட்டும். பள்ளிக்கூடம் நிலைக்க வேண்டும் என்கிறாய். யாருக்காக நிலைக்க வேண்டும்? சொல்லிக்கொடுக்காமலே படித்துக்கொள்கிற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? களை பிடுங்க அனுப்பப்போகிறாயே, அந்த நாலைந்து பேருக்காகத்தான் உனக்குச் சம்பளம். அவர்களுக்குச் சைபர் வந்தால் சைபர் என்று போடு. சைபர் வாங்கிய பிள்ளைக்குத்தான் யாராவது திரும்பவும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்கள். அந்தச் சைபர் அவர்களுடைய சொத்து, அதைத் திருடாதே. பரிசோதகருக்கு அது பிடிக்காவிட்டால், துரைக்குப் பிடிக்காவிட்டால், வேலையைப் பிடுங்கிக்கொள்ளட்டும். வீட்டுக்கு வா. மரவள்ளி சீவ எனக்கும் ஒரு ஆள் வேண்டும்.

ஆனால் முதல் காரியம் அது இல்லை. பரிசோதகர் வருவதற்கு முன்னால் ஒரு நாள் நீ இங்கே வர வேண்டும். பால் டின் வேண்டாம். கடைசி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் வா, இரவு தங்கு. அவன் எதிரில் உட்காரு. தம்பி, நீ பாஸ் பண்ணவில்லை, பாஸ் பண்ணியது நான், உன் சட்டையைப் போட்டுக்கொண்டு உன் பெயரைச் சொன்னது நான், உனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம், அது உனக்குக் கடைசிவரை மறக்கவில்லை என்று சொல். அவன் உன்னை அடித்தால் வாங்கிக்கொள். அடிக்கமாட்டான், அதுதான் எனக்குப் பயம். சிரித்தாலும் சிரிப்பான். எதுவானாலும் நீ எழுந்து போய்விடக் கூடாது.

வில்லையை அவன் திரும்பக் கொண்டுவந்திருக்கிறான். சட்டை கிழிந்து போனாலும் அதை இடுப்புத் துணியில் முடிந்து வைத்திருந்தானாம். நேற்றுச் சாயங்காலமும் அதைக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசலில், நீ பாடம் சொல்லிக்கொடுத்த அதே இடத்தில் உட்கார்ந்து, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். என்னடா பண்ணுறே என்று கேட்டேன்.

“கொஞ்சங் கொஞ்சமா ஞாபகம் வர்ற மாதிரி இருக்கும்மா,” என்றான்.

சீக்கிரம் வா.

அம்மா